உரித்த தகட்டை இரவு தாண்ட விடாதீர்கள்

கேள்வி: "1960-களின் நடுவில் வந்த நான்கு கதவு கார் ஒன்றை நானே பழையபடி கொண்டுவர முயற்சி செய்கிறேன். பாடி முழுவதையும் வெறும் இரும்பாக உரித்துவிட்டு, கடைசியில் ஒரே நாளில் பிரைமர் அடிப்பது என் திட்டம். வார இறுதியில் மட்டும் வேலை என்பதால் நான்கைந்து மாதம் ஆகும். பானெட், இடது முன்கதவு, கூரையில் பாதி ஆகியவற்றை கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உரித்துவிட்டேன். மூன்று வாரத்தில் எல்லாம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. பயந்துபோய் பானெட்டில் துரு மாற்றித் திரவம் தடவினேன். இப்போது அது கருப்பாக இருக்கிறது. இதன் மேலேயே எபாக்ஸி பிரைமர் அடிக்கலாமா? ஒருவர் முதலில் எட்ச் பிரைமர்தான் என்கிறார், இன்னொருவர் ரெட் ஆக்சைடே போதும் என்கிறார். மிச்ச பாடியை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்பிவிடலாமா? கை மிகவும் வலிக்கிறது."

பதில்: முதலில் கிரைண்டரைக் கீழே வையுங்கள். இனி ஒரு சதுர அடி பெயின்ட்டைக்கூட உரிக்காதீர்கள், ஏற்கெனவே உரித்ததற்கு பிரைமர் ஏறும் வரை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது பானெட்டின் கருப்பு நிறம் இல்லை. அது கால் நாள் வேலையில் சரியாகிவிடும். "பாடி முழுவதையும் உரித்துவிட்டு, கடைசியில் பிரைமர்" என்ற அந்தத் திட்டம்தான் கவலை தருகிறது.

26 வருடமாக பழைய கார்களுக்கு டிங்கரிங்கும் பெயின்ட்டிங்கும் செய்கிறேன். வீட்டில் ஆரம்பித்து பாதியில் நின்றுபோன கார்கள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை இதே மாதிரி வந்தவைதான்: ஆசையோடு முழுக்க உரித்து, பிறகு வேறு வேலை வந்து, ஒரு மழைக்காலம் கடந்து, தொட்டால் கையில் துருப்பொடி ஒட்டும் நிலையில். அந்த பெயின்ட் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதுவரை தகட்டைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தது. அதை எடுத்துவிட்டால் அதன் இடத்தை அன்றைக்கே வேறொன்று பிடிக்க வேண்டும். எனவே உரிப்பதும் பிரைமர் அடிப்பதும் இரண்டு தனித்தனிக் கட்டங்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு பகுதியை எடுத்தால் காலையில் உரித்தல், மாலையில் பிரைமர். ஒரு கதவு ஒரு சனிக்கிழமை, அடுத்த கதவு அடுத்த சனிக்கிழமை. மொத்தத்தில் ஆகும் நேரம் அதேதான். இடையில் எந்த வாரம் வேலை நின்றாலும் கார் கெடாது.

வெறும் இரும்பு துருப்பிடிக்க மழை தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் தகட்டில் உட்கார்ந்துவிடும். அதில் உப்பு கொஞ்சம் சேர்ந்தால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே வேலை ஆரம்பித்துவிடும். உப்பு எங்கிருந்து வருகிறது என்றால் நம் கையிலிருந்துதான். உரித்த பகுதியை ஆசையோடு தடவிப் பார்ப்போம், மறுநாள் ஐந்து விரலும் அப்படியே துருவில் பதிந்திருக்கும். உரித்த தகட்டை நைட்ரைல் கிளவுஸ் இல்லாமல் தொடவே கூடாது.

சரி, பானெட்டுக்கு வருவோம். கருப்பாகிவிட்டது என்றால் நீங்கள் தடவியது பெரும்பாலும் டானிக் அமிலமும் பாலிமரும் கலந்த வகை. அது துருவைக் கருப்பான ஒரு சேர்மமாக மாற்றி, மேலே மெல்லிய படலம் ஒன்றையும் விட்டுப்போகும். அந்தப் படலம் துருவை எவ்வளவு பிடித்துக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் பிரைமரும் பிடிக்கும். இன்னொரு வகை பாஸ்பாரிக் அமிலம். அது காய்ந்தால் சாம்பல் நிறமாக, சில இடங்களில் வெள்ளைப் பொடியாக நிற்கும். மிச்ச அமிலத்தின் மேல் எபாக்ஸி போட்டால் பிரச்சினை இன்னும் பெரியது. எபாக்ஸியை இறுக வைக்க அதில் கலக்கும் ஹார்டனர் அமீன் வகை, அதாவது காரத் தன்மை உள்ளது. அடியில் அமிலம் இருந்தால் அந்த ஹார்டனர் அமிலத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இரும்பை ஒட்டிய அந்த அடிப்பகுதி மட்டும் சரியாக இறுகாது. மேலே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு கல் தெறித்து அடித்தால், அந்த இடத்தில் பிரைமரிலிருந்து மேல் பெயின்ட் வரை ஸ்டிக்கர் உரிவது போல் மொத்தமாக வரும். அப்படி வந்த கதவுகளை நான் கையால் இழுத்தே உரித்திருக்கிறேன். அடியில் இரும்பு பளபளவென்று இருந்தது, துரு ஒரு பொட்டு இல்லை. பிடிமானம்தான் இல்லை.

ஆகவே "இதன் மேலேயே அடிக்கலாமா" என்ற கேள்விக்கு, கூடாது. பானெட் திறந்த, தட்டையான தகடு. கைக்கு எட்டாத மூலை எதுவும் கிடையாது. எனவே அந்தக் கருப்புப் படலத்தை 80 நம்பர் உப்புத்தாளால், வட்டமாக அதிரும் சாண்டர் மெஷின் வைத்து, இரும்பு வெளிச்சமாகத் தெரியும் வரை எடுத்துவிடுங்கள். ஒருவேளை டப்பாவைப் பார்த்து அது பாஸ்பாரிக் வகை என்று தெரிந்தால், தேய்ப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதே திரவத்தை மறுபடி தடவி, காய்ந்துபோன அமிலப் படிவு இளகியதும், காய விடாமல் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உடனே துணியால் துடைத்து, காற்றடித்து, வெந்நீர்ச் சூட்டுக்கு மேல் போகாத ஹீட் கன் காற்றில் காய வையுங்கள். ஈரத் தகட்டில் பிஎச் தாளை ஒட்டிப் பார்த்தால் அமிலம் மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். லேசான ஆரஞ்சு திரும்ப வரும், பரவாயில்லை. அதை 80 நம்பர் எடுத்துவிடும்.

ஊசிக் குழிகளில் கருப்புப் புள்ளிகள் நிற்கும். இவற்றைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்ய முயற்சி செய்யாதீர்கள். முறுக்கிய கம்பி பிரஷ் இரும்பைச் சுரண்டுவதே இல்லை, தேய்த்துப் பளபளப்பாக்குகிறது. துருவைக் குழிக்குள் அழுத்தி மேலே இரும்பை மூடிவிடுகிறது. பார்க்க சுத்தமாகத் தெரியும், ஆனால் பிரைமர் பிடிக்க கீறல் இருக்காது, குழிக்குள் துருவும் இருக்கும். உங்கள் கதவும் கூரையும் இப்போது அப்படித்தான் இருக்கும். அவற்றையும் 80 நம்பரில் ஒருமுறை போக வேண்டும். ஆழமான குழிகளுக்கு, காற்றழுத்தத்தில் துகளைப் பீச்சும் கையடக்கமான சிறிய பிளாஸ்டிங் கருவி ஒன்று, அந்த இடத்துக்கு மட்டும் போதும்.

இதைச் சொல்லும்போதே உங்கள் சாண்ட் பிளாஸ்டிங் கேள்வியும் வந்துவிடுகிறது. தயவுசெய்து முழு பாடியையும் அனுப்பாதீர்கள். சில வருடம் முன்பு ஒருவர் தன் காரை அப்படி அனுப்பி, திரும்பி வந்ததும் என்னிடம் கொண்டுவந்தார். சாம்பல் நிறத்தில், ஒரே சீராக, பார்க்க அவ்வளவு அழகு. பிரைமர் ஏறி, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்ததும்தான் தெரிந்தது, கூரை முழுக்க அலை. நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் டொப்பென்று உள்ளே போகும், விட்டால் டொப்பென்று வெளியே வரும். சூடுதான் இதற்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். முக்கியக் காரணம் அது இல்லை. ஒவ்வொரு துகளும் ஒரு சின்னச் சுத்தியல். லட்சக்கணக்கான சுத்தியல் அடி ஒரு பக்கம் மட்டும் விழுந்தால், தகட்டின் அந்தப் பக்கத் தோல் நீண்டுவிடும். நீண்ட தகட்டுக்கு இருக்கும் இடம் போதாது, அதனால் பிதுங்கும். அந்தக் கூரையைச் சூடாக்கிச் சுருக்கிச் சமன் செய்ய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. பாதி இடத்தில் தகடு மெலிந்துவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பிளாஸ்டிங்கே கெட்டது என்று சொல்லவில்லை. சஸ்பென்ஷன் கைகள், கீல்கள், சக்கரங்கள், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், மட்கார்டின் உள்பக்கம் போன்ற தடித்த, மடிப்பு நிறைந்த உறுப்புகளுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கூரை, பானெட், டிக்கி மூடி, கதவுத் தோல் ஆகிய நான்கிலும் வேண்டாம், அவ்வளவுதான். பேக்கிங் சோடா பீச்சும் முறை தகட்டை நெளிக்காது என்பது உண்மை. ஆனால் அது விடும் உப்புப்படிவை முழுக்கக் கழுவாவிட்டால் பிரைமர் பிடிக்காது, அது மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் கழுவவும் முடியாது. இன்னொன்று, எந்த முறையாக இருந்தாலும் ஆற்று மணல், கடல் மணல் போன்ற சிலிக்கா மணலை யாராவது பீச்சினால் பக்கத்தில் நிற்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும், அதற்கு மருந்து கிடையாது. கார்னெட், உடைத்த கண்ணாடி, அலுமினியம் ஆக்சைடு என்று மாற்றுகள் இருக்கின்றன.

பாடியை அப்படியே அமிலத் தொட்டியில் முக்கி எடுக்கும் முறையையும் யாராவது சொல்வார்கள். சுத்தமாகத்தான் வரும். ஆனால் அந்தக் காலத்து கார்களில் தகடும் தகடும் ஒட்டும் மடிப்புகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றுக்குள் போன திரவம் மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். பெட்டி போல மூடிய பகுதிகளின் உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச பாதுகாப்பும் போய்விடும். உள்ளே மறுபடி பூச்சு ஏற்றும் வசதி உள்ள இடமாக இருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

கை வலிக்கு என்ன வழி என்றால், தட்டையான பெரிய பகுதிகளுக்கு பெயின்ட் ரிமூவர். பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை மூடி வைத்தால் காயாமல் ஆழமாக வேலை செய்யும். பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளிவிட்டு, டப்பாவில் சொன்னபடி தண்ணீராலோ தின்னராலோ கழுவி, பிறகு 80 நம்பர். ஓரங்களிலிருந்தும் மடிப்புகளிலிருந்தும் இரண்டு அங்குலம் தள்ளி டேப் ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள், அந்த ஓரத்தை மட்டும் கையால் எடுக்கலாம். மடிப்புக்குள் போன ரிமூவர், பெயின்ட் அடித்த பிறகு ஒருநாள் வெளியே வந்து கொப்புளம் போடும். மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய வகை ரிமூவர் கையில் கிடைத்தால் பயன்படுத்தாதீர்கள். மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 2019-இலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு முன்பும், பொதுமக்களுக்கு விற்பதையே அதனால் நிறுத்தினார்கள்.

கிரைண்டரிலேயே மாட்டக்கூடிய, பஞ்சு போல ஓட்டை ஓட்டையான நைலான் டிஸ்க் ஒன்றும் உண்டு. பெயின்ட்டை எடுக்கும், இரும்பை அதிகம் தின்னாது. அதை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். கையை வைக்க முடியாத அளவுக்குத் தகடு சுட்டால் அது நெளிய ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கிரைண்டரில் 36 நம்பர் டிஸ்க் மாட்டி கூரையில் வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

அந்தக் காலத்து பெயின்ட்டிலும் பிரைமரிலும் ஈயமும் குரோமேட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்க்கும்போது நுண்தூசைப் பிடிக்கும் பி3 வடிகட்டி உள்ள மாஸ்க் அணியுங்கள், சாண்டரை வாக்யூமோடு இணையுங்கள், தூசை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். வேலை உடையை வீட்டுத் துணிகளோடு துவைக்க வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதில் இரண்டு மடங்கு கண்டிப்பு வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். மிச்ச பாடியை உரிக்கத்தான் வேண்டுமா? வெறும் இரும்பைப் பார்த்தால்தான் முறையான வேலை என்று பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. வெடிப்பில்லாத, ஒழுங்காக ஒட்டியிருக்கும் கம்பெனி பிரைமர்தான் நமக்குக் கிடைக்கக்கூடிய நல்ல அடித்தளம். அதை 180 நம்பரில் தேய்த்து அதன் மேலேயே எபாக்ஸி போடலாம். சோதிப்பது சுலபம். பிளேடால் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் உரிக்க வேண்டியதுதான். வராவிட்டால், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் மேலே வையுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது பழைய லாக்கர், சுருங்கித் தூக்கினால் சரியாக இறுகாத எனாமல். இந்த இரண்டும் புது பெயின்ட்டின் தின்னரைத் தாங்காது, எடுத்துவிடுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் இறுகிய பூச்சு, அது இருக்கலாம். பெயின்ட் கனம் அளக்கும் கருவி இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருமுறை மட்டும் அடித்த பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 400, 500 என்று காட்டினால் மூன்று நான்கு முறை அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி. சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்பு தெரியும் இடத்தில் மட்டும் யோசிக்கவே வேண்டாம், முழுக்க எடுங்கள். அந்த வெடிப்பு எத்தனை பூச்சு போட்டாலும் ஒரு வெயில் காலத்தில் மேலே வந்துவிடும்.

உரித்துக்கொண்டே போகும்போது கூரை பின்தூணோடு சேரும் இடத்தில் தகடு திடீரென்று மங்கலான வெள்ளி நிறமாக, மெத்தென்று தெரிந்தால் நிறுத்துங்கள். அது ஈயம். அந்தக் காலத்தில் கம்பெனியிலேயே பெரிய இணைப்புகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி நிரப்பித்தான் மறைத்தார்கள். அந்தக் கலவை 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 250-ஐ ஒட்டி முழுக்க உருகும். ஹீட் கன்னை வைத்து பெயின்ட் எடுக்கப் பார்த்தால் இணைப்பே வழிந்து கீழே விழும். மெஷினால் தேய்த்தால் ஈயத்தூசு மூக்கில் போகும். ரிமூவரால் பெயின்ட்டை மட்டும் எடுத்து, அளவு சரிசெய்ய வேண்டுமானால் பாடி அரம் வைத்து இழையுங்கள். இழைத்தால் கனமான துருவல்தான் விழும், தூசு பறக்காது. நன்றாக ஒட்டியிருந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவதே என் வழக்கம். அறுபது வருடம் நின்ற இணைப்பை எடுத்துவிட்டுப் பட்டி வைப்பது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

இப்போது பிரைமர். உங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் தாங்கள் பழகிய முறையைச் சொல்கிறார்கள். ரெட் ஆக்சைடு பல தலைமுறையாக வேலை செய்த பிரைமர். ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் ஒற்றை டப்பா ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும், மேலே வரும் டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு டப்பா வகை) பெயின்ட்டின் தின்னர் பட்டால் சுருங்கித் தூக்கும். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் போதும், நீங்கள் இவ்வளவு உழைக்கும் காருக்குப் போதாது. எட்ச் பிரைமரில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, அது உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடிக்கும். அலுமினியத்திலும் துத்தநாகம் பூசிய தகட்டிலும் அருமையாக நிற்கும். ஆனால் அது பத்து மைக்ரான் அளவுக்கு மெல்லிய பூச்சு, தனியாக ஈரத்தைத் தடுக்காது. மேலே வேறு பிரைமர் கட்டாயம் வேண்டும், பாலியஸ்டர் பட்டியை அதன் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. பானெட்டில் அமிலத்தின் மேல் எபாக்ஸி வேண்டாம் என்று எதனால் சொன்னேனோ, அதே காரணத்தால் எட்ச்சின் மேல் எபாக்ஸியும் வேண்டாம். தயாரிப்பாளரே தன் தாளில் அந்த இரண்டையும் பேர் சொல்லிச் சேர்த்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

உங்களுக்கு நான் சொல்வது டூ-கே எபாக்ஸி பிரைமர், நேரடியாக 80 நம்பரில் தேய்த்த வெறும் இரும்பின் மேல். ஒட்டுவதற்கு அதற்கு அமிலம் வேண்டாம், கீறல் போதும். இறுகிய பிறகு ஈரத்தை உள்ளே விடாது. பட்டி அதன் மேல் நன்றாக ஒட்டும். முக்கியமாக உங்கள் நிலைமைக்கு, வார இறுதி மட்டும் வேலை செய்பவருக்கு, எபாக்ஸி ஏறிய கதவை ஷெட்டுக்குள் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கலாம். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், மேற்பரப்பு சுண்ணாம்பு போல் பொடியும். மின்சாரத்தின் உதவியோடு பாடியைப் பிரைமர் தொட்டியில் முக்கி, மடிப்புக்குள்ளும் ஏற்றும் இன்றைய முறை 1970-களின் பின்பாதியில்தான் பரவலாக வந்தது. உங்கள் கார் அதற்கு முந்தியது. அதன் பெட்டிப் பகுதிகளுக்குள் பிறந்ததிலிருந்தே பிரைமர் சரியாகப் போயிருக்காது. அதனால்தான் வெளியே போடும் பூச்சிலாவது சமரசம் வேண்டாம் என்கிறேன்.

பிரைமர் அடிக்கும் நாளில் அவசரப்படும் இடம் துடைப்பதுதான். கிரீஸ் ரிமூவரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் மற்றொரு உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக் காய விட்டால் எண்ணெயை வேறு இடத்துக்கு நகர்த்தியதுதான் மிச்சம். தேய்ப்பதற்கு முன் ஒருமுறை, தேய்த்த பின் இரண்டு முறை துடைக்கிறேன். முன்னால் துடைக்காவிட்டால் உப்புத்தாளே எண்ணெயையும் பாலிஷ் சிலிக்கோனையும் கீறலுக்குள் தேய்த்து ஏற்றிவிடும்.

அடுத்தது தகட்டின் சூடு. காற்றின் சூட்டைப் பார்க்காதீர்கள், தகட்டைப் பாருங்கள். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனி படியும் நிலை 24 டிகிரி. ராத்திரி குளிர்ந்த ஷெட்டில் காலையில் தகடு 24-ஐ ஒட்டித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் பிரைமர் அடிப்பீர்கள். தகடு பனி நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். அதனால்தான் காலையில் உரித்து மதியத்துக்கு மேல் அடிக்கச் சொல்கிறேன். குளிர் அதிகமானாலும் தப்பு. பெரும்பாலான எபாக்ஸிகள் 15 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும், காய்ந்தது போல் தெரியும், இறுகியிருக்காது.

கலக்கும் அளவைக் கண் மதிப்பில் செய்யாதீர்கள், அளவுக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். எபாக்ஸியில் ஹார்டனர் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் காயும் என்பது வெறும் நம்பிக்கை. கூடினாலும் குறைந்தாலும் இறுகாத பகுதி உள்ளே நிற்கும். சில வகைகளைக் கலந்த பிறகு அரை மணி நேரம் வைத்திருந்துதான் அடிக்க வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். தயாரிப்பாளர் தரும் தகவல் தாளை அச்சிட்டு ஷெட் சுவரில் ஒட்டிவிடுங்கள். நான் இன்றும் புது டப்பா வந்தால் அப்படித்தான் செய்கிறேன். முதல் கோட்டை மெல்லிதாக, இரண்டாவதை நிறைவாக அடியுங்கள். நடுவில் தாளில் சொன்ன நேரம் காத்திருங்கள், அவசரப்பட்டால் தின்னர் உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டு கோட்டும் காய்ந்து 50 மைக்ரான் அளவுக்கு நின்றால் போதும். கதவின் அடி ஓரத்தையும், நீர் வடியும் துளைகளின் விளிம்பையும் முதலில் அடித்துவிட்டு அப்புறம் முகப்புக்கு வாருங்கள். துரு முதலில் வருவது அங்கேதான், ஸ்பிரே கன் கடைசியில் மறப்பதும் அந்த இடத்தைத்தான்.

எபாக்ஸியின் ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே போக முடியாது. கை முழுக்க மூடுங்கள். பின்னால் அடிக்கப்போகும் டூ-கே ஃபில்லர் பிரைமரும் மேல் பெயின்ட்டும் இன்னும் மோசம். அவற்றில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்கு வாசனையே தெரியாது, வடிகட்டி தீர்ந்துபோனாலும் மூக்கு சொல்லாது, ஆஸ்துமாவை வரவழைக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை மட்டும் வசதி உள்ள ஒரு பெயின்ட்டரிடம் கொடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எபாக்ஸி மேல் அடுத்த பூச்சைத் தேய்க்காமலே போட ஒரு கெடு உண்டு. பலவற்றில் 3 நாள், சிலவற்றில் 7 நாள். நீங்கள் அதைத் தாண்டித்தான் போவீர்கள், ஒன்றும் ஆகாது. பட்டி வைக்கும் இடத்தை 80 அல்லது 120-லும், மற்ற இடத்தை 180 முதல் 240-லும் தேய்த்துவிட்டுத் தொடரலாம். மடிப்புகளின் இடைவெளியை அடைக்கும் சீம் சீலர் வைப்பதும் எபாக்ஸிக்கு மேல்தான், வெறும் இரும்பில் கூடாது. பட்டி பார்ப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: அது டால்க் கலந்த பொருள், ஈரத்தை உறிஞ்சும். அதை வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீரில் தேய்க்காதீர்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் தகட்டை இன்னும் தட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம்.

வரும் சனிக்கிழமை பானெட்டில் ஆரம்பியுங்கள், சுலபமாகக் கழற்ற முடிவது அதுதான், இரண்டு பக்கமும் எட்டும். அதற்கடுத்த வாரம் கதவு. அதுவரை கதவையும் கூரையையும் துணி போட்டு மூடாதீர்கள், துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஷெட்டில் காற்றோட்டம் இருக்கட்டும், போதும். மூன்றாவது வாரம் கூரை. அன்று மிச்சப் பாதியையும் ரிமூவரால் எடுத்து, ஓரம் முதல் ஓரம் வரை ஒரே மூச்சில் எபாக்ஸி அடியுங்கள். கூரைக்கு உதவியாள் ஒருவர் வேண்டும், இப்போதே சொல்லி வையுங்கள். பானெட்டை 80 நம்பரில் தேய்த்து முடித்ததும் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், குழிகள் எவ்வளவு ஆழம் என்று பார்த்துச் சொல்கிறேன்.